மிளகுக்குப் பின்னால் ஒரு நிலா

2016 நவம்பர் 14, திங்கட்கிழமை. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று சொல்லி ஆறு நாள் ஆகியிருந்தது. ஏடிஎம் வாசல்களில் வரிசை தெருமுனை வரை நீண்டது. ஐப்பசிப் பௌர்ணமி என்பதால் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். இவ்வளவுக்கும் நடுவில் தொலைக்காட்சிச் செய்திகளில் நிலாவும் இடம்பிடித்துவிட்டது. 68 ஆண்டுகளில் இவ்வளவு பெரிய நிலா வந்ததில்லை, விட்டால் இன்னும் 18 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. குடியிருப்பில் உள்ளவர்களை எல்லாம் மொட்டைமாடிக்குக் கிளப்பிக்கொண்டு போனேன். எதிர்வீட்டுப் பெரியம்மா முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நிலாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, இதுவா பெருசு? போன மாசமும் இப்படித்தானே இருந்துச்சு?”

அன்றைக்கு அவருக்கு ஏதோ மழுப்பலாகச் சொல்லி அனுப்பினேன். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. அவருக்குத் தர வேண்டியிருந்த பதில்தான் இந்த அத்தியாயம்.

கிட்டநிலா, எட்டநிலா

நிலா நம்மைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை. லேசாக நசுங்கிய வளையம். பூமி அதன் நடுவில் இல்லாமல் சற்றே ஒதுங்கி இருக்கிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் நிலா ஒரு முறை நம்மை நெருங்கி வரும், ஒரு முறை விலகிப் போகும். நெருங்கும் இடத்தை அண்மைநிலை என்றும் விலகும் இடத்தை சேய்மைநிலை என்றும் வைத்துக்கொள்வோம். சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர். மிகவும் நெருங்கினால் ஏறக்குறைய 3,56,400. மிகவும் விலகினால் 4,06,700.

அண்மைநிலை 27½ நாளுக்கு ஒருமுறை வருகிறது. பௌர்ணமி 29½ நாளுக்கு ஒருமுறை. இரண்டும் ஒரே நாளில் கூடினால் அதுதான் சூப்பர் மூன். இந்தப் பெயரை 1979இல் வைத்தவர் ரிச்சர்ட் நோல் என்ற அமெரிக்க ஜோதிடர். வானியலாளர்கள் வெகுநாள் இந்தச் சொல்லின் பக்கமே வரவில்லை. ஊரே சொல்லத் தொடங்கிய பிறகு அவர்களும் சொல்கிறார்கள். நமக்கு அதைவிட எளிய சொல் கையில் இருக்கிறது: கிட்ட வந்த நிலா கிட்டநிலா, எட்டப் போன நிலா எட்டநிலா.

இந்த இரண்டு கணக்கும் அடிக்கடி பொருந்துவதில்லை. பதினான்கு பௌர்ணமிக்கும் பதினைந்து அண்மைநிலைக்கும் ஆகும் காலம் ஒன்றே, ஏறக்குறைய 413 நாள். ஆகவே நல்ல கிட்டநிலா ஒன்று வந்தால், ஒரு வருடமும் ஒன்றரை மாதமும் கழித்து அடுத்தது வரும். 2016 நவம்பர் 14க்குப் பிறகு 2018 ஜனவரி 2, அதன் பிறகு 2019 பிப்ரவரி 19, அதன் பிறகு 2020 ஏப்ரல் 8. நாள்காட்டியில் எண்ணிப் பார்த்தால் கணக்கு ஒத்துவரும். நல்ல கிட்டநிலாவுக்கு முன்பின் மாதங்களில் வரும் பௌர்ணமிகளும் ஓரளவு கிட்டத்தில்தான் இருக்கும்.

இதில் சூரியனுக்கும் ஒரு பங்கு உண்டு. நிலாப்பாதையின் நீளவாக்கு சூரியனை நோக்கித் திரும்பியிருக்கும்போது சூரியனின் ஈர்ப்பு அந்த வளையத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிவிடுகிறது. அப்போது அண்மைநிலை மேலும் அண்மையாகும். அரைநிலா நாளில் வரும் அண்மைநிலை 3,70,000 கிலோமீட்டர் வரைகூடத் தள்ளி நிற்கும். பௌர்ணமியோடு சேர்ந்து வருவதோ 3,57,000ஐ ஒட்டி இறங்கிவிடும். பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரித் தொடக்கத்தில் என்பதால் குளிர்காலத்தில் இந்த இழுப்பு இன்னும் ஒரு பிடி கூடுதல். மிகக் கிட்டவந்த நிலாக்களின் தேதிகளைப் பாருங்கள்: 1912 ஜனவரி 4, 1948 ஜனவரி 26, 2016 நவம்பர் 14, இனி வரப்போகும் 2034 நவம்பர் 25. எல்லாம் குளிர்காலம்தான்.

2016இல் தூரம் 3,56,509 கிலோமீட்டர். 1948இல் 3,56,461. வித்தியாசம் 48 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். மூன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒன்று இந்த 48 கிலோமீட்டர் கிட்டவோ எட்டவோ நகர்ந்ததை வெறும் கண்ணால் பார்க்க யாராலும் முடியாது. “68 ஆண்டுகளில் இல்லாத” என்ற தலைப்புச் செய்தி பொய்யில்லை. ஆனால் அதை நம்பி மூன்று மாடி ஏறியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும்

செய்திகளில் அடிபட்ட இன்னொரு எண் 14 சதவீதம். நிலா 14 சதவீதம் பெரிதாகத் தெரியும் என்றார்கள். எதைவிடப் பெரிது என்று பலர் சொல்லவில்லை. எட்டநிலாவைவிட என்பதுதான் விடை. சராசரி நிலாவோடு ஒப்பிட்டால் 7 சதவீதம்தான். பெரியம்மா ஒப்பிட்டது முந்தைய மாதத்துப் பௌர்ணமியோடு. அதுவும் ஒரு கிட்டநிலாதான். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

சரி, முழு 14 சதவீதம் என்றால் எவ்வளவு? சில்லறை டப்பாவை எடுங்கள். ரூபாய்க் குறி பொறித்து 2011இல் வந்த வரிசை நாணயங்கள் வேண்டும். அதில் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் 22 மில்லிமீட்டர், இரண்டு ரூபாய்க்கு 25. இரண்டாவது முதலாவதைவிட ஏறக்குறைய 14 சதவீதம் பெரிது. அரசு நாணயச்சாலை நம் வசதிக்காக எட்டநிலாவையும் கிட்டநிலாவையும் அச்சடித்துக் கொடுத்தது போலிருக்கிறது.

இன்னும் ஒரு பொருத்தம். கிட்டநிலா தன் அகலத்தைப் போல் 103 மடங்கு தூரத்தில் இருக்கிறது. எட்டநிலா 117 மடங்கு. இரண்டு ரூபாய் நாணயத்தின் அகலத்தை 103ஆல் பெருக்கினாலும் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தை 117ஆல் பெருக்கினாலும் வருவது ஒரே தூரம்: 2 மீட்டர் 57 சென்டிமீட்டர், எட்டரை அடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு ரூபாய் நாணயத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு எட்டரை அடி தள்ளி நின்று பாருங்கள். எட்டநிலா வானத்தில் எவ்வளவு பெரிதோ அதே அளவுதான் அதுவும். இரண்டு ரூபாயை ஒட்டினால் கிட்டநிலா. முதல்முறை செய்யும்போது ‘இவ்வளவுதானா!’ என்று இருக்கும்.

இப்போது சோதனை. நாணயத்தைப் பார்த்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். வீட்டில் யாராவது நாணயத்தை மாற்றட்டும், அல்லது மாற்றாமலே விடட்டும். எண் தெரியாதபடி பின்பக்கம் திருப்பி ஒட்டுவது நல்லது. அரை மணி கழித்து வந்து, இருப்பது எது என்று சொல்லுங்கள். ஊகம்தான் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டால் பச்சைக் குழந்தையும் சொல்லிவிடும்.

வானத்தில் இரண்டு நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்ட முடியாது. ஒன்று நவம்பரில் வந்தால் மற்றது ஏழு மாதம் கழித்து ஜூனில் வருகிறது. ஏழு மாதம் முன் பார்த்த நாணயத்தின் அகலத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பிடச் சொன்னால் எப்படி? பெரியம்மாவின் கண்ணில் கோளாறு இல்லை.

வெளிச்சம் மட்டும் 30 சதவீதம் கூடுகிறதே, அதாவது தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழங்குலத் தோசைக்கும் எட்டங்குலத் தோசைக்கும் அகலத்தில் ஓர் அங்குலம்தான் வித்தியாசம். மாவோ 49க்கு 64 என்ற கணக்கில், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவாகும். அகலம் 14 கூடினால் பரப்பு 30 கூடுவது அப்படித்தான். ஆனால் கண்ணின் பாவை வெளிச்சத்துக்கு ஏற்றபடி தானே சுருங்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு ஒரு மெல்லிய மேகப்படலம் வந்தால் கூடிய 30ம் போய்விடும். தெருவிளக்கு இல்லாத வயல்வெளியில் நிற்பவர் வேண்டுமானால், ‘இன்றைக்கு நல்ல நிலா வெளிச்சம்’ என்று சொல்லக்கூடும். நகரத்து மாடியில் அதற்கு வாய்ப்பு குறைவு.

பனைமரத்தடியில் மட்டும் பெரிதாவது எப்படி?

“அதெல்லாம் இல்லை, கடற்கரையில் நிலா எழும்பும்போது தாம்பாளம் மாதிரி இருந்தது, நானே பார்த்தேன்” என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அவர் பார்த்தது உண்மை. ஆனால் அதற்கும் கிட்டநிலாவுக்கும் சம்பந்தம் இல்லை. எட்டநிலாவும் அடிவானத்தில் தாம்பாளமாகத்தான் தெரியும்.

சோதிக்க ஒரு மிளகு போதும், கொஞ்சம் பருத்ததாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, கையை நன்றாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிலாவின் மேல் வையுங்கள். அடிவானத்துத் தாம்பாளம் அப்படியே மிளகுக்குப் பின்னால் போய்விடும். ஆறு மணி நேரம் கழித்து நிலா உச்சிக்கு ஏறிச் சின்னதாகத் தெரியும்போது அதே மிளகை வைத்துப் பாருங்கள். அப்போதும் அதே மிளகுதான் மறைக்கும்.

சொல்லப்போனால் உச்சியில் இருக்கும் நிலாதான் துளி பெரிது. நிலா தலைக்கு மேல் வரும்போது, அடிவானத்தில் இருந்ததைவிட நமக்குப் பூமியின் ஆரம் அளவுக்கு, சுமார் 6,000 கிலோமீட்டர், நெருங்கியிருக்கும். குளிர்காலத்துப் பௌர்ணமி தமிழ்நாட்டில் நள்ளிரவில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே வருகிறது. ஆக 2016இல் நிலாவை மிகக் கிட்டத்தில் பார்த்தவர்கள் மாலையில் கடற்கரைக்குப் போனவர்கள் அல்ல, நள்ளிரவில் மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள்.

அடிவானத்து மயக்கம் மிகப் பழையது. பதினோராம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-ஹைதம் அதைப் பற்றி எழுதி, பெரிதாவது நிலா அல்ல, நம் மனம் போடும் தூரக் கணக்கு என்றார். நிலாவுக்கும் நமக்கும் இடையில் வயல், வரப்பு, பனைமரம், வீடு எல்லாம் வரிசையாகக் கிடக்கும்போது நிலா வெகுதொலைவில் இருப்பதாக மூளை கணிக்கிறது. இவ்வளவு தள்ளியிருந்தும் இந்த அளவுக்குத் தெரிகிறது என்றால் அது பெரிய பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறது. வெற்று வானத்தில் அப்படிப்பட்ட அளவுகோல் எதுவும் இல்லை. மயக்கத்தின் முழுக் காரணமும் இதுவேதானா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, குனிந்து கால்களுக்கு நடுவே நிலாவைத் தலைகீழாகப் பாருங்கள். பலருக்கு மயக்கம் அப்போது குறைந்துவிடுகிறது.

நிலாவையும் நில நடுக்கத்தையும் முடிச்சுப் போடுகிறவர்களுக்கு ஒரு வரி. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், பௌர்ணமி. அதனால் பலர் இன்றும் அதைப் பெரிய நிலாவோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அன்று வந்தது எட்டநிலா. நிலா சேய்மைநிலையை அடைந்தது அடுத்த நாளே. கிட்டநிலா நாட்களில் கடலின் ஏற்றம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடும். மீனவர்கள் அதைப் பார்த்துப் பழகியவர்கள்.

கேமரா மறப்பதில்லை

கண் மறந்துபோகும் அகலத்தைப் படம் மறக்காது. கிட்டநிலாவைப் படம் எடுக்க எனக்குத் தெரிந்த உருப்படியான காரணம் இதுதான்.

300 மில்லிமீட்டர் லென்ஸ், நடுத்தரமான 24 மெகாபிக்சல் கேமரா என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் நீளத்தை 103ஆல் வகுத்தால் கேமராவுக்குள் விழும் கிட்டநிலா பிம்பத்தின் அகலம் கிடைக்கும்: 2.9 மில்லிமீட்டர். கேமராவின் உணரி ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 255 புள்ளிகளைப் பதிக்கிறது. ஆக 2016 நவம்பர் 14 நிலாவின் அகலம் ஏறக்குறைய 746 புள்ளி. அதே கேமரா, அதே லென்ஸில் 2017 ஜூன் 9 எட்டநிலா 655 புள்ளிதான் வரும். இரண்டு படங்களையும் பெரிதாக்காமல், சிறிதாக்காமல் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டினால் 90 புள்ளி வித்தியாசம் விளிம்பில் படிக்கட்டு போல் துருத்திக்கொண்டு நிற்கும். சுவரில் இரண்டு நாணயத்தையும் பக்கத்தில் ஒட்டியதற்குச் சமம் இது. எந்த லென்ஸ், எவ்வளவு ஜூம் என்று எழுதி வைத்துக்கொள்வது மட்டும் முக்கியம். ஏழு மாதத்தில் மறந்துவிடும், எனக்கு மறந்திருக்கிறது.

வெளிச்ச அளவில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நாம் இரவில் நிற்கிறோம், நிலாவில் பகல். வெயில் நேராக அடிக்கும் பாறையைத்தான் படம் எடுக்கிறோம். அந்தப் பாறையும் பால்வெள்ளை அல்ல. தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 12 சதவீதத்தை மட்டும் திருப்பி அனுப்பும், பழைய தார்ச்சாலை போன்ற கருமை. சுற்றிலும் அதைவிடக் கருத்த வானம் இருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது இருட்டைப் பார்த்துப் பதறி வெளிச்சத்தை அள்ளிக்கொட்டி, நிலாவை வெள்ளைப் பொட்டாக்கிவிடும். எஃப் 11, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 வினாடி என்று கையால் வையுங்கள். நடுப்பகலில் தெருவைப் படம் எடுக்கும் அளவுகளுக்குப் பக்கத்தில் இது இருப்பதைக் கவனிக்கலாம். அடிவானத்தில் காற்றும் தூசியும் நிலாவை மங்கலாக்கிச் செம்மையேற்றும். அங்கே இன்னும் இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும்.

செல்பேசியில் திரையிலுள்ள நிலாவை விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் பொட்டு தட்டாகும். ஆனால் செல்பேசியின் முதன்மை லென்ஸில் விழும் நிலா முப்பது நாற்பது புள்ளி அகலம்தான். சில செல்பேசிகள் தாம் கற்றுவைத்திருக்கும் நிலாப் படங்களிலிருந்து மேடுபள்ளங்களை எடுத்து நிரப்பிக் கொடுக்கின்றன. அழகாக இருக்கும். நீங்கள் எடுத்த படமா என்று கேட்டால் பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம். பள்ளங்கள்தான் வேண்டும் என்றால் பௌர்ணமியே தவறான நாள். நேர் வெயிலில் நிழல் விழாது, நிலா தட்டையாகத் தெரியும். அரைநிலா அன்று எடுங்கள்.

நூற்று எழுபத்தைந்து மீட்டர் தள்ளி ஒரு மச்சான்

கறுப்பு வானத்தில் தனி நிலாவைப் படம் எடுத்து யாரிடம் காட்டினாலும் அது எந்த நிலா என்று தெரியாது. பக்கத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். 2016 நவம்பர் 14 அன்று நாசாவின் புகைப்படக்காரர் பில் இங்கல்ஸ் கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்தில் இருந்தார். சில நாளில் கிளம்பவிருந்த சோயுஸ் ராக்கெட் மேடையில் நின்றது. அதன் பின்னால் நிலா எழும்புவதைத்தான் அவர் எடுத்தார்.

நமக்கு ராக்கெட் வேண்டாம். ஏரிக்கரையில் ஓர் ஆள் நின்றால் போதும். கணக்கு பழைய 103தான். 1.7 மீட்டர் உயரமுள்ள ஆள் நிலாவின் அகலத்துக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்றால் அவரிடமிருந்து 175 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 50 மீட்டரில் நின்றால் அவர் நிலாவைப் போல் மூன்றரை மடங்கு உயரமாகிவிடுவார். கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலையின் 95 அடி உருவத்துக்குச் சமமாக நிலாவைக் காட்ட வேண்டுமா? சிலைக்கு மேற்கே 3 கிலோமீட்டர் போய், மறைக்காத இடம் தேட வேண்டும். கரையிலிருந்தே எடுத்துவிட்டு, ‘நிலா சின்னதாக இருக்கிறது’ என்று குறைப்படுகிறவர்கள் நிலாவைக் குறை சொல்லிப் பயனில்லை. தூரமும் நீண்ட லென்ஸும் சேர்ந்தால்தான் அந்தப் படம்.

இந்தப் படத்துக்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. நிலா தன் அகலம் நகர இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. வடநாடுகளில் நிலா அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக ஏறும். நம் ஊரில் கிணற்று வாளி போல ஏறக்குறைய நேராகவே மேலே வருகிறது. கரையில் நிற்பவரின் காலடியில் தொடங்கிய நிலா இரண்டு நிமிடத்தில் அவர் தலைக்கு மேல் போய்விடும்.

எனவே முதல்நாள் மாலையே போய் இடம் பார்த்துவிடுங்கள். பௌர்ணமிக்கு முந்தின நாள் நிலா சூரியன் மறைவதற்கு முன்பே, வெளிறிப்போய் எழும்பும். திசை ஏறக்குறைய தெரிந்துவிடும். மறுநாள் சூரியன் விழும் வேளையில் கேமராவை முக்காலியில் பூட்டி, மச்சானையோ தம்பியையோ கரைக்கு அனுப்பிவிட்டு, செல்பேசியில் தொடர்பில் இருங்கள். நிலாவின் விளிம்பு தெரிந்ததும், “ரெண்டடி வலது பக்கம் போங்க, இன்னும் கொஞ்சம், அங்கேயே நில்லுங்க” என்று சொல்லத் தொடங்கலாம். 175 மீட்டரில் நிலாவின் அகலமே 1.7 மீட்டர்தான், அவர் இரண்டடி நகர்ந்தாலே நிலாவில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப்போய்விடுவார். 1/100 வினாடி அசையாமல் நின்றால் போதும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஏரிக்கரையில் அந்த வேளைக்குக் கொசு நிறைய.